பனிமலையில் ஒரு தாய்மாமன்

என் மைத்துனன் சங்கிலிப்பாண்டியை மேலகரத்தில் எல்லோருக்கும் தெரியும். பட்டாளத்துக்காரன். நல்ல உயரம். மீசையைப் பிள்ளை வளர்ப்பதுபோல வளர்ப்பான். லீவில் வந்தால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வழியெல்லாம் ஆட்கள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் காஷ்மீர்ப் பனியைப் பற்றி மட்டும் அவனிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். கேட்டவர்கள், "எல்லையில என்னென்ன பாத்தானோ, பாவம்" என்று உச்சுக்கொட்டுவார்கள். அவன் அங்கே பார்த்ததில் பாவம் ஒன்றுமில்லை. எழுந்து போகிறானே, அது வெட்கம். அந்த வெட்கத்தின் ஆதியும் அந்தமும் தெரிந்தவர்கள் அவனும், அவன் அக்காவும், அக்காவைக் கட்டிய பாவத்துக்கு நானும்தான்.

என் மனைவி குருவம்மாளுக்கு அவன் பெயருக்குத்தான் தம்பி. தாய் கண்ணை மூடியபோது அவன் தவழ்கிற பிள்ளை. இவள்தான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். எனக்கு வாக்கப்பட்டு வந்தபோது சீர்ப்பாத்திரம் கொஞ்சம் குறைந்தது, அதற்குப் பதிலாகத் தம்பி ஒருவன் கூடவே வந்தான். நான் குறை சொல்லவில்லை. வயலில் எனக்குச் சமமாக நின்றான். பிறகு பாளையங்கோட்டையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய் நெஞ்சை விரித்துக் காட்டிச் சேர்ந்துவிட்டான். அன்று முதல் ரேடியோவில் செய்தி வாசித்தால் குருவம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பாள்.

எங்கள் மகள் மாரித்தாய்க்கு மூன்று வயது நடந்த சமயம், எண்பத்தொன்றாம் வருடக் கடைசி. எங்கள் பக்கத்தில் மொட்டை போட்டுக் காது குத்துவதை ஒற்றைப்படை வயதில்தான் செய்வோம். மூன்று தப்பினால் ஐந்துதான். குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பன் இல்லாமல்கூடக் காது குத்திவிடலாம், மாமன் மடி இல்லாமல் ஊசியை எடுக்க ஆசாரி சம்மதிக்க மாட்டார். தையில் லீவு சொல்லிவிட்டார்கள் என்று பாண்டி எழுதியிருந்தான். நாங்களும் நாள் பார்த்து, சொந்தபந்தத்துக்குச் சொல்லி, ஆட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டோம்.

மார்கழி பிறந்ததும் இன்னொரு கடிதம் வந்தது. குல்மார்க் என்ற இடத்துக்கு அனுப்புகிறார்கள், பனியில் பயிற்சி, தையில் எப்படியும் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தான். எங்கள் ஊரில் பனி என்பது விடியலில் புல்நுனியில் உட்கார்ந்திருப்பது, வெயில் வந்தால் போய்விடும். ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும் என்று நான் சொன்னதும் குருவம்மாளுக்கு முகமே செத்துவிட்டது.

மறுநாளே ஆரம்பித்தாள். மார்கழி என்பதால் விடியலில் பெண்கள் கூட்டமாகக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவார்கள். அவர்களோடு நடந்து போய் அருவியில் நின்றுவிட்டு, ஈரச் சேலையோடு திரும்பி வருவாள். வீட்டில் வெந்நீர் அடுப்பு மூட்டக் கூடாது என்று உத்தரவு. போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அவள் சாப்பாடு பழையது மட்டும்தான்.

"எந்தம்பி பனில கெடக்கான். எனக்கு எதுக்கு வெந்நி?" என்றாள்.

"ஏளா, நீ இங்கன நடுங்கினா அவனுக்கு அங்கன வேர்க்குமாக்கும்?" என்று கேட்டேன்.

"வேர்க்காது. ஆனா அவன் குளிர்ல கொஞ்சம் கொறையும்லா."

சாமியோடு அவள் ஏதோ ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தாள். என்னை யாரும் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை.

பொங்கல் கழிந்ததும் தந்தி வந்தது. லீவு ரத்து, புறப்பட முடியாது. சொல்லி வைத்திருந்த ஆட்டை வேண்டாம் என்றோம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். மூளிக்காதோடு பிள்ளை நிற்கிறதே என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். குருவம்மாள் தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மார்கழியோடு நிறுத்த வேண்டிய குளிர்ந்த நீர்க் குளியலைத் தைக்கும் நீட்டினாள். அவனிடமிருந்து வாரம் ஒரு கடிதம் வந்தது. காது மடல் மரத்துவிட்டது, விரல் நீலம் பாரித்துவிட்டது என்று ஒவ்வொன்றிலும் ஒரு கஷ்டம். கடிதம் வந்த மறுநாள் இவள் இன்னும் சீக்கிரமாக எழுந்துவிடுவாள். மாசியில் அருவி நூலாக மெலிந்ததும், முற்றத்தில் பானையில் ராத்திரி முழுக்கப் பனியில் இருந்த தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். இருமல் பிடித்தது. அப்புறம் மூச்சு இழுக்கத் தொடங்கியது. வைத்தியரிடம் போனோம். வெந்நீரில் குளி என்றார். அவரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, பழைய பானையையே எடுத்தாள்.

அங்கே நடந்தது என்ன என்பதைப் பின்னால் பாண்டியே என்னிடம் சொன்னான்.

குல்மார்க்கில் காலில் நீளமாக இரண்டு கட்டையை மாட்டிச் சரிவில் இறக்கிவிடுவார்களாம். முதல் சில நாள் இவன் விழாத இடம் கிடையாது. கட்டைக்கு அடியில் மெழுகு தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, குற்றாலத்தான் புத்தி போகுமா, தான் கொண்டுபோன நல்லெண்ணெயை எடுத்துத் தேய்த்திருக்கிறான். பனி அப்பிக்கொண்டு கட்டை நகரவே இல்லை. சொல்லிக் கொடுக்கிற சுபேதார் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாராம். ஆனால் ஒரு நாள் சட்டென்று இவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அருவிக்கடியில் பாசியும் எண்ணெயும் படிந்த பாறையில் சின்ன வயதிலிருந்தே எப்படி நின்றானோ அப்படித்தான் இதுவும். முட்டியைத் தளர விட வேண்டும், விறைத்தால் விழ வேண்டியதுதான். அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. தேவதாரு மரங்களுக்கு நடுவே மேலேயிருந்து கீழே வரை ஒரே சறுக்கு. மேலே இழுத்துப்போகிற கயிற்றைப் பிடித்து மறுபடி மேலே போவான், மறுபடி சறுக்குவான். இருட்டியபிறகு அவனைத் திட்டித்தான் உள்ளே கூட்டிப்போவார்களாம்.

தையில் முதல் கட்டப் பயிற்சி முடிந்தது. லீவுச் சீட்டையும் கையில் கொடுத்துவிட்டார்கள். அப்போது சுபேதார், நன்றாகச் சறுக்குகிறவர்கள் பனி உருகும் வரை இருக்கலாம், கடைசியில் பந்தயம் உண்டு, விருப்பம் உள்ளவர்கள் மட்டும், என்றாராம். அன்று காலையில்தான் புதுப்பனி பெய்திருந்தது. சரிவில் ஒரு கால் தடம் இல்லை.

"அத்தான், சின்னதுலேர்ந்து எனக்குன்னு ஒண்ணும் இருந்ததில்ல. சோறு அக்கா போட்டது, வீடு ஒங்க வீடு, சட்டை சர்க்கார் குடுத்தது. அந்தச் சறுக்கு ஒண்ணுதான் எனக்கே எனக்குன்னு தோணிச்சி. சீட்டைப் பாக்கெட்ல வச்சிக்கிட்டே, இருக்கேன்னு சொல்லிட்டேன்" என்றான் பாண்டி.

அதற்குத்தான் அந்தத் தந்தி. அனுப்பிய பொய்யைக் காப்பாற்றத்தான் வாரா வாரம் காது மடலும் நீல விரலும். பொய் ஒற்றையாக வராது, குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். குளிர்காலம் முழுக்கச் சறுக்கிவிட்டுப் பந்தயத்தில் நாலாவதாக வந்தான். நாலாவதற்குப் பரிசு ஒன்றும் கிடையாது.

பங்குனியில் கொல்லம் மெயிலில் வந்து இறங்கினான். கூட்டிவர நான் தென்காசி ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். முகமெல்லாம் அடுப்புக்கரி, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை வட்டம். கறுப்புக் கண்ணாடி போட்டதால் அப்படி என்றான். கன்னம் வேறு உப்பியிருந்தது. பனியில் வாடியவனைப்போல இல்லை, விருந்துக்குப் போய் மாதக்கணக்கில் தங்கியவனைப்போல இருந்தான். எனக்கு அப்போதே லேசாக உறைத்தது. குருவம்மாளோ அவன் முகத்தைத் தடவித் தடவி, "பனி சுட்டுப்போட்டுச்சே" என்று அழுதாள். அழுகை இருமலில் முடிந்தது. அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் பாதியாக இளைத்திருந்தாள்.

"அக்கா, குளிக்க வெந்நி கெடைக்குமா?" என்று கேட்டான். கேட்டதுதான் தாமதம், அவள் ஓடிப்போய் அடுப்பை மூட்டினாள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏலே மாப்ளே, மார்கழிலேர்ந்து இந்த வீட்டுல இன்னைக்குத்தான் வெந்நி அடுப்பு எரியுது, தெரியுமா?" என்று ஆரம்பித்து, அருவி, பானை, பழையது, மூச்சு இளைப்பு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அருமை அவனுக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன். அவன் கொல்லைக்குப் போய், காய்ந்த வெந்நீரை எடுத்து வாழை மூட்டில் கொட்டிவிட்டு, கிணற்றுத் தண்ணீரை இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டான். அக்கா மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என்ன தெரியும்!

பங்குனி உத்திரத்தன்று எல்லோரும் அவரவர் குலதெய்வமான சாத்தா கோயிலுக்குப் போவார்கள். எங்கள் சாத்தா புளியறைப் பக்கம் ஒரு தோப்புக்குள் இருக்கிறார். அங்கேயே காது குத்தையும் வைத்துவிட்டோம். அதுவரை பாண்டி சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. பயணக் களைப்பு என்று குருவம்மாள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மொட்டை போட்டு, சந்தனம் பூசி, பிள்ளையை அவன் மடியில் உட்கார வைத்தோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் மாரித்தாய் உடம்பை விறைத்துக்கொண்டு அலறினாள். கொட்டுச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும்தான் பேசுவது கேட்டது.

"வெறைக்கக் கூடாது தாயி. மாமா மலை மேலேர்ந்து பனியில சறுக்கினேன்லா, அப்ப முட்டியை இப்படித் தளர விடுவேன். சர்ருன்னு போவேன். காத்து மூஞ்சில அடிக்கும். மரமெல்லாம் பின்னால ஓடும்." சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்தது. ஊருக்கு வந்த பிறகு அப்படி ஒரு முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, "அன்னைக்குக் கூப்பிட்டமே, ஏன் மாமா வரல?" என்று கேட்டாள்.

சாத்தா எதிரில் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லையாம். "வரலாம்னாங்க தாயி. லீவுச் சீட்டு பாக்கெட்லதான் இருந்துச்சி. மாமாவுக்கு இன்னும் சறுக்கணும்போல இருந்துச்சி, நின்னுட்டேன்."

நான் குருவம்மாளைப் பார்த்தேன். கையில் இருந்த பழத்தட்டை அவள் மெல்லக் கீழே வைத்தாள். ஆசாரி வயசாளி. காதே கேட்காதவர்போல ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாண்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழப் பார்த்தான். "நான் வேண்டாம்க்கா. வேற யாரையாச்சும் உக்காரச் சொல்லு" என்றான்.

"உக்காருலே. எம்பிள்ளைக்கு வேற மாமன் கெடையாது" என்றாள் அவள்.

உட்கார்ந்தான். ஆசாரி குத்தினார். பெண்கள் குலவை போட்டார்கள். அதில் குருவம்மாள் குரல் இல்லை.

அதற்குப் பிறகு அவள் அவனைத் திட்டவே இல்லை. எப்போதும்போலச் சோறு போட்டாள், கறியை அள்ளி வைத்தாள். அவன் இலையைப் பார்த்தே குனிந்திருந்தான். அவனை நாலு அறை அறைய வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தவளுக்கு முதுகு தடவியவன் நான்தானே. ஆனால் லீவு முடியும் முன்பே பெட்டியைக் கட்டிக்கொண்டு அவன் பஸ் ஸ்டாண்டில் நின்ற கோலத்தைப் பார்த்தபோது கை எழவில்லை. அங்கே நின்றுதான் முழுக் கதையையும் என்னிடம் சொன்னான். "அக்கா ரெண்டு வார்த்தை வைவான்னு பாத்தேன் அத்தான். வையவே மாட்டங்காளே" என்று சின்னப் பிள்ளையைப்போல அழுதான்.

பிறகு ஒரேயடியாக வரவை நிறுத்திவிட்டான். ஒரு தீபாவளிக்குக் காஷ்மீர்ச் சால்வை வந்தது. குருவம்மாள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தாள். இளைப்பு மார்கழி தோறும் வந்தது. பச்சைத் தண்ணீரை மட்டும் அவள் விடவில்லை. பழகிவிட்டது என்பாள்.

எண்பத்து நாலில் ஒரு மார்கழி விடியல். கொல்லையில் அடுப்பு வெளிச்சம் தெரிந்ததும் திருடனோ என்று எழுந்து போனேன். பாண்டி. பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல், குத்துக்காலிட்டுத் தேங்காய் மட்டையைத் தள்ளி அண்டாவில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். குருவம்மாள் இருமிக்கொண்டே பின்னால் வந்து நின்றாள்.

"குளி அக்கா" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

அவள் குளிக்கவில்லை. அடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "ஏலே, அந்தச் சறுக்கு எப்படிலே இருந்துச்சி?"

"வேண்டாம்க்கா."

"சும்மா சொல்லு."

"நல்லா இருந்துச்சிக்கா."

"சந்தோசமா இருந்தியா?"

அவன் இன்னொரு மட்டையை அடுப்புக்குள் தள்ளினான். "இருந்தேன்" என்றான்.

"அதை ஒரு வரி எழுதிருக்கப்படாதா? நான் வெந்நில குளிச்சிருப்பேன்லா" என்றாள் குருவம்மாள்.

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் எழுந்து, அண்டாவிலிருந்து வாளியில் மொண்டுகொண்டு மறைப்புக்குள் போனாள். ரொம்ப நாள் கழித்து என் வீட்டுக் கொல்லையில் ஆவி பறந்தது.

அன்றிலிருந்து பாண்டி கேட்டு வாங்குகிற லீவு மார்கழியில்தான். விடியுமுன் எழுந்து அக்காவுக்கு வெந்நீர் போடுவான். அவள் குளித்துவிட்டு வந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவியில் குளிக்கக் குற்றாலத்துக்கு நடப்பான். "ஏலே, வெந்நி மிச்சம் இருக்குலே" என்று அவள் வாசல் வரை போய்க் கூப்பிடுவாள். இந்த வருடமும் கூப்பிட்டாள். அவன் இதுவரை திரும்பிப் பார்த்ததில்லை. மிச்சத்தில் நான் குளிக்கிறேன்.