ஆறு சிலிண்டரும் என் அரைகுறை ஞானமும்

பிழைக்க வந்த மராத்தி ஊரில், ஹிஞ்சேவாடி ஆபீஸ் கேண்டீனில் நேற்று ஒரு கோயம்புத்தூர்க்காரர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வாங்கப்போகும் பழைய காரின் படம். "சார், ஒரிஜினல் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினையே வெச்சுக்கலாமுங்களா, இல்ல டீசலுக்கு மாத்திடலாமுங்களா?" உலகத்தில் இத்தனை பேர் இருக்க, இதை என்னிடமா கேட்க வேண்டும்? தயிர்சாத டப்பாவை மூடி வைத்தேன்.

எங்கள் மாமா, அதாவது அக்கா புருஷன், கட்கியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். தொண்ணூறுகளில் அப்படியொரு காரை வாங்கிவந்தார். எஞ்சின் ஜாமாகிக் கிடந்தது. போசரியில் பழைய இரும்புக் கடைகளில் வேறு எஞ்சின் தேடினோம். ஊரே செய்ததைத்தான் நானும் சொன்னேன்: நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினைத் தூக்கிப் போடுங்கள், தொல்லை விட்டது. மாமா கேட்டால்தானே. "டீசல் போட்டா டெம்போ மாதிரி கத்தும் மச்சான். ஆறும் வரிசையா நின்னு ஓடுனா அந்த சவுண்டே வேற." ஒரு ஆறு சிலிண்டரைப் பொறுக்கி, கையால் சுழற்றிப் பார்த்து, பிள்ளையைத் தூக்குவதுபோல் வண்டியில் ஏற்றினார்.

பொய் சொல்லக் கூடாது, ஒரு மாதம் ராஜா மாதிரி ஓடியது. தசரா முடிந்ததும் பிடித்தது சனி. மழை வேறு விட்டபாடில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் திக்கும், இருமும், கரும்புகை கக்கும். மத்தியானம் வெயில் வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். போசரி கம்பெனி எஞ்சினியர் என்ற கெத்தில் ஞாயிறுதோறும் போய் நின்றேன். பிளக் மாற்றினோம், பாயிண்ட் மாற்றினோம், கார்புரேட்டரைக் கழற்றிக் குளிப்பாட்டினோம். கையில் பெட்ரோல் வாடை, சோறு இறங்காது.

பதிவைப் புதுப்பிக்கும் வண்டிப் பரிசோதனை, இங்கே சொல்வதுபோல் 'பாசிங்', ஒரு திங்கட்கிழமை காலை. அதில் தேறாவிட்டால் வண்டி வீட்டில் இருக்காது என்று அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள். இன்ஸ்பெக்டர் எதிரிலேயே அது இருமி, புகைந்து, நின்றேபோனது. எனக்கு வந்ததே கோபம். "எஞ்சின் ஹெட்டே போச்சு மாமா. அன்னிக்கே சொன்னேன், கேட்டீங்களா? வித்துத் தொலைங்க." மாமா வண்டிக்கு ஆள் பார்க்கத் தொடங்கினார்.

சாகண் பக்கத்து மராத்தி மெக்கானிக் ஒருவர் வாங்கினார். கையெழுத்தெல்லாம் போட்ட பிறகு பானெட்டைத் திறந்தவர், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைப் பார்த்துச் சிரித்தார். ஆறு பிளக் வயருக்கும் அடியில் ஆறு சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். ஆயுத பூஜைக்கு அக்கா சிலிண்டருக்கு ஒன்றாக வைத்தது. பூஜைப் பொட்டு அழியக் கூடாதென்று, அதற்கு அடியில் இருக்கும் பாயிண்ட்டை மாற்றியபோதுகூட அந்த மூடியைப் பூப்போல எடுத்து வைத்தவன் நான். காலை ஈரத்தில் பொட்டு ஊறி, பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் அதன் வழியே கசிந்திருக்கிறது. எஞ்சினியராம், மண்ணாங்கட்டி. மெக்கானிக் துணியால் ஒரு துடை துடைத்தார். "ஜாலா," முடிந்தது என்றார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

மாமா, வண்டிச் சத்தம் தூரத்தில் அடங்கும்வரை நின்று கேட்டார். "நல்லா ஓடுது, இல்ல மச்சான்?" திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த இரும்புக் கடைகள் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. மாமா பிறகு ஒரு ஸ்கூட்டர் வாங்கினார், அப்புறம் ஒரு சின்னக் கார். இரண்டும் வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரியும்.