மகன் பிறந்த வருஷத்துப் புகையிலை

முதலியார்பேட்டையில் என் மாமா வீட்டில் ஓர் அறை எப்போதும் இருட்டாகவே இருக்கும். ஜன்னலைச் சாத்தி உள்பக்கம் கறுப்புத் துணி வேறு கட்டியிருந்தார். அத்தையின் பட்டுப்புடவைகள் டிரங்குப் பெட்டியில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. வீட்டில் இருந்த ஒரே தேக்கு அலமாரி, அந்த இருட்டறையில், மாமாவின் புகையிலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். அங்கே பழகிய பைப்பை மட்டும் விடவில்லை. அதில் போடும் புகையிலையைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வருஷக்கணக்கில் வைத்திருந்தார். ஜாடி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பிரெஞ்சில் பொக்கால் என்று சொல்ல வேண்டும். காற்றுப் புகாத மூடி, அதற்கடியில் ரப்பர் வளையம், இறுக்கிப் பிடிக்க ஒரு கம்பிக் கொக்கி. கொதிநீரில் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் வெயிலில் காயவைத்து, புகையிலையை அமுக்காமல் நிரப்பி, வருஷத்தை எழுதி ஒட்டி உள்ளே வைத்தால் அதோடு சரி. திறந்து திறந்து பார்த்தால் பழுக்காது என்பார். நன்றாகப் பழுத்தால் காய்ந்த அத்திப்பழத்தின் வாசம் வருமாம்.

"ஊறுகாய்க்குப் பொறுத்துக்கிற, இதுக்குப் பொறுக்க மாட்டியா?" என்று அத்தையைக் கேட்பார்.

"ஊறுகா தின்னுட்டு யாரும் ராத்திரியெல்லாம் இருமுறதில்ல" என்பாள் அத்தை.

அவர் தினமும் பிடித்தது என்னவோ மட்டமான சரக்குதான். நல்லதெல்லாம் அலமாரியில் இருந்தது.

அவற்றில் ஒன்று தனியாக, மேல்தட்டில் இருக்கும். அவருடைய ஒரே மகன் பிறந்த வருஷம் அடைத்தது. அவனுடைய கல்யாணத்தன்று அப்பாவும் பிள்ளையுமாக உட்கார்ந்து பிடிப்பது என்று ஏற்பாடு. அந்த அத்தான் படிக்கப் பிரான்சுக்குப் போனவர், வேலையும் கல்யாணமும் அங்கேயே என்று முடித்துக்கொண்டார். போட்டோ வந்தது. மாமா அதைச் சுவரில் மாட்டினார். வக்கான்சுக்கு வருவான், அப்போது திறக்கலாம் என்றார். லீவு விடும்போதெல்லாம் அத்தானுக்கு ஏதாவது ஒரு வேலை வந்தது.

பிறகு மாமாவின் குரல் கம்மியது. தொண்டையில் புண் என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்தார்கள்; ரேடியேஷனை வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவருக்கு ருசியும் தெரியவில்லை, வாசமும் தெரியவில்லை. அடுப்பில் பால் கருகி வீடெல்லாம் நாறினாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கண்ணில் வேறு புரை விழுந்திருந்தது. டாக்டர் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அதை அத்தானிடம் சொல்லக் கூடாது என்று மாமா சத்தியம் வாங்கிக்கொண்டார்.

கோடை விடுமுறையில் நான் அங்கே இருந்த ஒருநாள் மதியம் அத்தானின் போன் வந்தது. அத்தை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, இந்த வக்கான்சுக்கு முடியலப்பா. டிசம்பர்ல நோயல் லீவுக்குக் கண்டிப்பா வந்துடறேன்."

"சரிப்பா" என்றார் மாமா, காற்றாக வரும் அந்தக் குரலில். "ஒண்ணும் அவசரமில்ல."

அத்தை போனைக் கையில் எடுத்தாள். வாயைத் திறந்தாள். மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உடம்பப் பாத்துக்கப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா, "அவனோட பொக்கால எடுத்துட்டு வா" என்றார்.

"நோயலுக்கு வர்றேன்னு சொல்றானே."

மாமா இருட்டறைப் பக்கம் கையைக் காட்டினார். அத்தை உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

உப்புக்காற்றில் கொக்கி துருப்பிடித்திருந்தது. கத்தியின் பின்பக்கத்தால் நெம்பித் திறந்தாள். ரப்பர் வளையம் வெடித்துத் துண்டு துண்டாக அவர் மடியில் உதிர்ந்தது. ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பொக்காலை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார்.

"மேல வெள்ளையா ஏதாச்சும் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"வெளிச்சத்துல காட்டிப் பாரு. மினுக்குதா, பஞ்சாட்டம் இருக்குதா?"

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். பல தடவை சொல்லியிருக்கிறார். நன்றாகப் பழுத்த புகையிலையின் மேல் சில சமயம் வெள்ளையாகப் பூக்கும். அது மினுமினுத்தால் பழுத்ததற்கு அடையாளம். பஞ்சு போல இருந்தால் பூஞ்சணம். காற்றுப் புகுந்து எல்லாம் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டியதுதான்.

அத்தை அதை வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்தாள். நானும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறப் பஞ்சு விரற்கடை உயரத்துக்கு எழும்பி நின்றது. ஓரத்தில் பச்சை. நனைந்த சாக்கின் நாற்றம் குப்பென்று அடித்தது. அத்தை ஒருமுறைதான் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மினுக்குதுங்க" என்றாள். "சக்கரை தூவினாப்பல இருக்குது."

"இல்ல மாமா, பஞ்சுதான்" என்றேன். "பச்சையாக்கூட இருக்குது. சாக்கு நாத்தம் நாறுது."

"சும்மா இருடி. அவளுக்கு இன்னா தெரியும்ங்க."

மாமா கையை நீட்டினார். அத்தை பொக்காலைக் கொடுத்தாள். உள்ளே இரண்டு விரல்களை விட்டார். விரல்கள் அங்கேயே நின்றன. வெளியே எடுத்து முகர்ந்தார்.

"அத்திப்பழ வாசம் வருது" என்றார். "நல்லாப் பழுத்துருக்குது."

"நான்தான் சொன்னேனே" என்றாள் அத்தை.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்குத்தான் வாசமே தெரியாதே மாமா!" என்று கத்தினேன். இருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

"மூடி வை" என்றார் மாமா. "அவன் வரட்டும்."

வளையம்தான் இல்லையே. அத்தை ஒரு பழைய புடவையின் ஓரத்தைக் கிழித்து மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கட்டியதைக் கையில் வாங்கி, இன்னும் இறுக்கு என்பதுபோல மாமா தலையாட்டினார். அவள் மறுபடி அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

நோயலுக்கு முன்பே அத்தான் வந்தார், கொள்ளி வைக்க. அந்த அலமாரியை அவர் திறக்கவில்லை. அத்தை திறக்கச் சொல்லவும் இல்லை.

பொக்காலைத் திறந்த அன்று சாயங்காலம், என்னை நோணாங்குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போக அம்மா ஸ்கூட்டியில் வந்தாள். வழியெல்லாம் நான் நியாயம் கேட்டுக்கொண்டே போனேன். அத்தை பொய் சொல்கிறாள், மாமாவும் அதற்கு ஒத்து ஊதுகிறார், நான் ஒருத்திதான் சரியாகப் பார்த்துச் சொன்னேன் என்றேன்.

அரியாங்குப்பம் பாலத்தில் அம்மா வண்டியை ஓரம் கட்டினாள்.

"மாமா இன்னா வாசம்னு சொன்னாரு?"

"அத்திப்பழ வாசமாம்" என்றேன் சிரித்துக்கொண்டே.

அம்மா சிரிக்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். லாரிகள் எங்களை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன. பெட்ரோல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நான் கீழே இறங்கி, தள்ளுவதற்குத் தயாராக வண்டியின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.