சிமெண்ட் பையில் செய்த லாரி

பிள்ளைகளே, உங்களிடம் ஒன்றைச் சொல்லாமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். பெரியவளே, முக்கியமாக உனக்குத்தான் இது.

நீ ஒன்பதாவது படிக்கும்போது, அரியலூரில் உங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் புதுசாக ஒரு பாட்டு நாடகம் போட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்க நாவல் ஒன்றை உங்கள் டீச்சர் தமிழில் பாட்டும் வசனமுமாக மாற்றியிருந்தார். மழை பொய்த்து, ஒரு குடும்பம் லாரியில் ஊரைவிட்டுக் கிளம்புகிற கதை. நீ அம்மா வேஷம். முடிவில் நீ தனியாகப் பாட வேண்டும். லாரி செய்வதற்கு, நான் வேலை பார்த்த சிமெண்ட் ஆலையில் கிழிந்துபோன பைகளை நான்தான் கேட்டு வாங்கி, உதறிக் கொடுத்தேன்.

"என் பாட்டு வரைக்கும் இருப்பியாப்பா?" என்று பத்துத் தடவை கேட்டாய்.

விழா அன்று எனக்கு மாலை ஷிப்ட். லீவு கிடைக்கவில்லை. வேறொருவரின் முந்தின ராத்திரி ஷிப்டை நான் பார்த்து, என் ஷிப்டை அவருக்கு மாற்றிவிட்டேன். காலையில் வந்து படுக்கலாமென்றால், நம் வீட்டில் செய்து வைத்திருந்த அந்த லாரியைப் பஸ் மேலே கட்டிப் பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் அம்மா உனக்குச் சேலை கட்டிவிட மேடைக்குப் பின்னால் போய்விட்டாள். நான் தனியாக உட்கார்ந்தேன். நாலு பையன்கள் உள்ளே நின்று நடக்க, லாரி மேடைக்கு வந்தது. கைதட்டினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பக்கத்து நாற்காலிக்காரர் தோளைத் தட்டினார். "முடிஞ்சிருச்சுண்ணே, எந்திரிங்க. உங்க குறட்டைய லாரி இன்ஜின் சத்தம்னுல்ல நெனச்சேன்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் நீ வேஷத்தோடே ஓடிவந்துவிட்டாய்.

"அப்பா, ரெண்டாவது அடியில தடுமாறிட்டேன். தெரிஞ்சுச்சா?"

"இல்லம்மா. கொஞ்சங்கூடத் தெரியல."

"அப்பாடா!" என்று என் கையைப் பிடித்தவள், பஸ்ஸில் வீடு வரும்வரை விடவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடம்பு அசதி ஒரு பக்கம், அந்தக் கை ஒரு பக்கம்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது, நீ பாட்டை எழுதிவைத்து மனப்பாடம் செய்த தாளைச் சட்டைப் பையில் எடுத்துப்போனேன். டீ நேரத்தில் எல்லாரும் கேண்டீனுக்குப் போனார்கள். நான் அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, மெஷின் இரைச்சலில் உன் பாட்டை வாய்விட்டுப் படித்தேன். ராகம் தெரியாது. இரண்டாவது அடி வந்ததும் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தடவை படித்தேன்.