ஒன்பது மொச்சை

மலைமேல் நாலைந்து ஊர் சேர்ந்தது ஒரு நாடு. அரியூர் நாட்டுக் கண்ணாயி பிறந்தது குண்டனி நாட்டில். நாலு அண்ணன்மாருக்குப் பின்னால் பிறந்த ஒரே பெண். அப்புச்சி செல்லம் என்பதால் வாய் கொஞ்சம் நீளம். புருசன் மாதேஸ்வரன் காய்ச்சலில் போன பிறகு மிளகுக்கொடியும் சாமைக்காடும் அவள் பேருக்கு வந்தன. வரி கட்டியதால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருசத்துச் சட்டசபைத் தேர்தலில் ஓட்டும் வந்தது. அவள் புகுந்த ஊரில் ஓட்டு இருந்தது பதினோரு பேருக்கு. அதில் பெண்பிள்ளை அவள் ஒருத்திதான்.

நின்றவர்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி. பச்சைப் பெட்டிக்காரர் டோலியில் வந்து, ஊர்க்கவுண்டன் செங்கோடனுக்கு ஒரு குடையைக் கொடுத்துவிட்டு அப்படியே இறங்கிப் போனார். மஞ்சள் பெட்டிக்காரர் நடந்தே வந்தார். கால் கொப்புளத்தைத் தடவிக்கொண்டே கண்ணாயி ஊட்டுச் சாமைச்சோறு தின்றார். காட்டில் மேய்ந்ததற்காக அவள் ஆடுகளை ஃபாரஸ்ட் கார்டு பிடித்து ஓட்டிப் போன கதையை முழுக்கக் கேட்டார்.

"சட்டசபையில பாதிக்கு மேல எங்க ஆளுக உக்காந்தாத்தான் அந்தக் காட்டுச் சட்டத்தத் திருத்த முடியுமுங்க. இந்தத் தொகுதியோ ஒரே இழுபறி" என்றார்.

தன் கையால் மஞ்சள் பெட்டியில் போடவேண்டும் என்று கண்ணாயி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

செங்கோடன் அவள் கொழுந்தன். எல்லா ஊரும் கூடும் நாட்டுக்கூட்டம் என்றால் ஊட்டுக்கு ஒரு மொச்சைக்கொட்டை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, ஊருக்காக அவன் ஒருத்தன் போவது வழக்கம். மொச்சை கொடுத்தால் அந்த ஊட்டுச் சொல்லையே அவனிடம் கொடுத்த மாதிரி. ஓட்டுக்கு முந்தின நாளும் குடையை விரித்துக்கொண்டு வந்து நின்றான். மாசி மாசம், வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

"ஊர்ச்சொல்லு பச்சைக்குங்க அண்ணி. மொச்சையக் குடுங்க."

"ஆளாளுக்கு நேர்ல போகோணுமாம் கொழுந்தனாரே. வரி கட்டப் போனப்ப மணியகாரர் சொன்னாருங்க."

"நாட்டுக்கூட்டத்துக்கே நான் ஒருத்தன் போதும். ஒரு பெட்டிக்குப் போதாதா?"

"அப்ப நீங்க போங்க. என் மொச்சை அடுப்புல வேகுது."

மறுநாள் மூணு மணி நேரம் மலையிறங்கி, அடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மறைப்புக்குப் பின்னால் மஞ்சள் பெட்டியைத் தொட்டுப் பார்த்துச் சீட்டைப் போட்டாள். அது அடியில் விழுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நகரவில்லை.

வெளியே வந்தால், செங்கோடன் அதிகாரி மேசைமேல் துண்டை விரித்துக்கொண்டிருந்தான்.

"பத்து ஊட்டு ஓட்டுங்க. எல்லாம் பச்சைக்குப் போட்டுக்கங்க."

அதிகாரி மொச்சையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ஓட்ட நீங்க போடுங்க. மத்த ஒன்பதையும் கொண்டுபோய்க் குழம்பு வைங்க."

தன் ஓட்டைப் போட்டுவிட்டு வந்த செங்கோடன் மலையைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான்.

"ஏறி ஆளுகளக் கூட்டிட்டு எறங்கறதுக்குள்ள பெட்டிக்கு அரக்கு வெச்சிருவாங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றாள் கண்ணாயி.

எண்ணி முடித்தபோது மஞ்சள் பெட்டி ஏழே ஓட்டில் ஜெயித்திருந்தது. சேதி வந்த அன்று செங்கோடன் ஒன்பதில் ஏழைக் கழித்து விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான்.

"குழம்பு வெச்சாச்சுங்களா?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டாள் கண்ணாயி.

"உப்புத்தான் பத்தலைங்க அண்ணி" என்றான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆடி மாசம் நாட்டுக்கூட்டம் வந்தது. கண்ணாயி தன் மொச்சையைத் தன் மடியிலேயே முடிந்துகொண்டு கிளம்பினாள். தூறல் பிடித்ததும் செங்கோடன் பச்சைப் பெட்டிக்காரர் கொடுத்த குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தான்.