வாசலோரத்து ஆணி

"புது டீச்சர் பாடமா நடத்துது? நாள் முழுக்க உக்காந்து சிக்குல்ல எடுக்குது!"

பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் இரண்டு மாணவிகள் பேசிக்கொண்டது, நான் பின்னால் நிற்பது தெரியாமல். கோபம் வந்தது, ஆனால் பொய்யில்லையே! ஆசிரியை வேலை என்றால் பாடம் சொல்வது என்று நம்பித்தான் பி.ஏ., எல்.டி. முடித்து அரியலூருக்கு வந்தேன். முக்கால்வாசி வேலை சாமான்களுக்குக் காவல் இருப்பதுதான் என்பது, தேசப்படத்துக்கோ ஹார்மோனியத்துக்கோ பொறுப்பாக்கப்பட்ட சகோதரிகளுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு வாய்த்தவை ஹெட்போன்கள். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் மலிவாக வந்த சமயம். எங்கள் பள்ளியை நடத்தும் மிராசுதார், அதாவது கரஸ்பாண்டென்ட், ஒரு ரேடியோவும் ஒரு டஜன் ஹெட்போன்களும் வாங்கித் தந்தார். ஒலிபெருக்கி வைத்தால் பாட்டரி தாங்காதாம். புதன்கிழமைதோறும் திருச்சியிலிருந்து வரும் சிறுவர் கதையைப் பிள்ளைகள் ஆளுக்கொரு காதாகப் பங்கு போட்டுக் கேட்க வேண்டும்.

பீரோ வாசம்

வந்திறங்கிய நாளே ஹெட்மாஸ்டர் அவற்றை பீரோவில் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டார். இரண்டு புதன்கிழமைகள் போயின. மூன்றாவது வாரம் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போய், "பிள்ளைகள் கேட்க வேண்டாமா, சார்?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் அவருக்குக் கேட்டுவிட்டது.

"கேட்டா கெட்டுப் போயிடும்மா. பீரோவுல இருந்தா இன்ஸ்பெக்டர் எப்ப வந்தாலும் புதுசா இருக்கும்."

எண்ணெய்

ஒருவழியாகச் சாவி கிடைத்தது. ஒரே மாதத்தில் காதுக்கு வைக்கும் தோல் திண்டுகள் எண்ணெய் குடித்து ஊறிவிட்டன. எறும்பு மொய்த்தது. ஒன்றில் குரல் அடைத்தது, இன்னொன்றில் ஒரு பக்கம் ஊமையாயிற்று. போதாததற்குப் பிள்ளைகள் கழற்றிப் போடுகிற அழகில் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் சிக்கெடுப்பேன்.

புதன்கிழமை மட்டும் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று வகுப்பில் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவியின் தாயார் வாசலில் வந்து நின்றார். தெருவே கேட்டது.

"எண்ணெ வெக்காத தலையோட எம் பொண்ணு வரணுமா? ஏன், இங்க எழவா வுழுந்திருக்கு?"

கல்யாண பாட்டரி

பாட்டரியில் சார்ஜ் தீர்ந்தால் பெரம்பலூர் மோட்டார் ஷெட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் மேட்டில் நின்று நின்று போய்ச் சேரும். ஒரு முறை பாட்டரி திரும்பவே இல்லை. சனிக்கிழமை நானே போனேன். ஷெட்காரர் துளியும் கூச்சப்படவில்லை.

"சார்ஜ் நேத்தே ஏத்தியாச்சுங்கம்மா. மாப்பிள்ளை ஊர்வலக் காருக்கு வெளக்கு எரியலன்னாங்க, குடுத்துட்டேன். உங்க ரேடியோ என்ன, பொண்ணு பாக்கவா போவுது?"

ஆணிகள்

சிக்குக்கு முடிவு கட்டச் சுவரில் வரிசையாக ஆணி அடித்தேன். ஒரு ஹெட்போனுக்கு ஓர் ஆணி. ப்யூன் சின்னையா முதல் ஆணியில் தொடங்கி வரிசைப்படி ஒவ்வொரு கம்பியையும் ரேடியோவில் செருகிக்கொண்டு வருவார். என் ஏற்பாட்டில் எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை வகுப்புக்குள் நுழைந்தால், நான் அடிக்காத ஆணி ஒன்று வாசலோரம் இருந்தது. வரிசையிலிருந்து ஒரு ஹெட்போனை எடுத்து அதில் மாட்டியிருந்தார்கள். சேரியிலிருந்து வருகிற ஒரே மாணவி செல்லத்துக்காம். அவள் காதில் வைத்ததை மற்றவர்கள் வைக்கக் கூடாதாம். ஹெட்மாஸ்டரிடம் போனேன். "ஊர்ப் பொண்ணுங்களுக்கு ஆளுக்கு ஒரு காது. அவளுக்கு முழுசா ஒண்ணு குடுத்திருக்கேன். இதுக்கு மேல என்னம்மா செய்யணும்?" என்றார். வகுப்புக்குத் திரும்பி வந்து பாடத்தைத் தொடங்கினேன்.

சின்னையா வாசலோரத்து ஆணிக்கு வந்து சேர்வதற்குள் பாதிக் கதை முடிந்துவிடும். செல்லம் மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். முடிந்ததும் முந்தானையால் திண்டைத் துடைத்து, கம்பியைப் பாம்புச் சுருள்போலச் சுற்றி, ஆணியில் மாட்டுவாள். பிறகு என்னிடம் வருவாள். வாரா வாரம் ஒரே மாதிரிக் கேள்விதான்.

"டீச்சர், அந்த ராஜா எதுக்குக் காட்டுக்குப் போனாரு? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர்."

கரஸ்பாண்டென்ட் கேட்ட கதை

ஒரு புதன்கிழமை கரஸ்பாண்டென்ட் தாம் வாங்கித் தந்த ரேடியோவைத் தாமே கேட்டுப் பார்க்க வந்துவிட்டார். ஹெட்மாஸ்டர் முதல் ஆணியிலிருந்ததை எடுத்து இரு கையாலும் நீட்டினார். காதில் வைத்தவர் உடனே கழற்றி அவர் கையிலேயே திணித்தார். "என்னய்யா இது, செக்குக்குள்ள தலைய வுட்ட மாதிரி!" அடுத்தது பாதி ஊமை. அதற்கடுத்தது முழு ஊமை. சுற்றிலும் பார்த்தார். வாசலோரத்தில் ஒன்று மட்டும் பளபளவென்று தொங்கியது. நேரே போய் எடுத்துவிட்டார்.

"ஐயா, அது வந்து..." என்றார் ஹெட்மாஸ்டர்.

"அது வந்து?"

"ஒண்ணுமில்லீங்க."

கதை முடியும்வரை அவர் அசையவில்லை. செல்லம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கணீர்னு கேக்குதுய்யா! இதை வெச்சுக்கத் தெரிஞ்ச ஆளுகிட்டயே எல்லாத்தையும் ஒப்படைங்க" என்று சொல்லி, காலியாயிருந்த முதல் ஆணியில் அதைத் தம் கையாலேயே மாட்டிவிட்டுப் போனார்.

ஹெட்மாஸ்டர் முகம் வெளிறியிருந்தது. "அது யாருதுன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. ஐயா காதுக்குப் போச்சுன்னா நான் தொலைஞ்சேன்!" என்றார்.

"அப்படின்னா வாசலோரத்து ஆணி எதுக்குன்னு ஐயா கேட்டா என்ன சொல்லட்டும், சார்?" என்றேன். இந்தத் தடவை என் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

மறுநாள் காலை ஹெட்மாஸ்டரே குறடு கொண்டுவந்து அந்த ஆணியைப் பிடுங்கினார்.

அடுத்த புதன்கிழமை மணி அடித்ததும் செல்லம் உள்ளே வந்தாள். ஆணி இருந்த ஓட்டையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நேரே முதல் ஆணிக்குப் போய், தன் ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, கம்பியின் நுனியைச் சின்னையாவிடம் நீட்டினாள். சின்னையா ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சின்னையா அதை வாங்கி முதலில் செருகினார்.