பத்து கிலோமீட்டர்தானே?

எண்ணூரில் எங்கள் குப்பம் டீசல் நாற்றத்தில்தான் கண் விழிக்கும். கடல் வாசம் எல்லாம் அப்புறம்... துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராத்திரியிலிருந்தே ரோட்டில் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் ரோட்டோரம் ஸ்டவ் பற்றவைத்து, சோறு பொங்கிச் சாப்பிட்டும் முடித்திருப்பார்கள். வண்டி ஓரடி நகர்ந்திருக்காது.

கிழக்கே கடல், வடக்கே முகத்துவாரம், மேற்கே கால்வாய். வெளியே போக இருந்தது தெற்கே அந்த ஒரே ரோடு. அதில்தான் இத்தனை லாரியும்.

பிளஸ் டூ முடித்ததும் தெற்கே டோல்கேட் ஏரியாவில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை கிடைத்தது. ஏ.சி. ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பில் அடிக்கணும். குப்பத்திலிருந்து அப்படி ஒரு வேலைக்குப் போன முதல் பெண் நான். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். முதல் மாசத்தில் மூன்று நாள் லேட்டானால் வேலை கிடையாது என்பது அங்கே ரூல்.

முதல் வாரமே இரண்டு லேட். ஒன்பது மணி ஆபீஸுக்கு ஆறு மணிக்கே கிளம்பியும்! பஸ் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். இறங்கி நடக்கலாம் என்றால் ரோட்டோரமும் லாரிதான், ஸ்டவ்தான்.

மேனேஜர் திருநெல்வேலிக்காரர். நல்ல மனுஷர்தான்...

"ஏம்மா, பத்து கிலோமீட்டர்தான? கொஞ்சம் சீக்கிரமா கெளம்பப்பிடாதா?"

எரிச்சல் எரிச்சலாக வந்தது. இன்னும் சீக்கிரம் என்றால் முந்தின நாளே கிளம்பணும் சார்! மனசுக்குள்தான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்து அப்பா கேட்டார்.

"இன்னாத்துக்கு அழுவுற? நாளிக்கு மீனு எட்துகினு காசிமேட்டுக்குப் போறேன். நீயும் போட்ல ஏறு, அங்கேந்து உன் ஆபீஸு பக்கம்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஊரில் பெண்கள் படகில் கால் வைக்கக் கூடாது. கரையில் மீன் வாங்கப் போகும் அம்மா, படகைத் தொடக்கூட மாட்டாள்.

படகில் பங்குக்காரரான சித்தப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் நாலு நாள் போனேன். முழங்கால் வரை நனைந்து, துப்பட்டாவில் மீன் வாடையோடு... எட்டரைக்கே ஆபீஸில்! பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொள்ளட்டுமே.

ஐந்தாம் நாள் வலை காலி. ஆறாம் நாளும் காலி. அந்த இரண்டு நாளும் என்னை இறக்கிவிடவே படகு காசிமேடு போனது.

"பொட்டப்புள்ளய ஏத்திகினு போனா கடலு இன்னாத்த குடுக்கும்?" என்று சித்தப்பா கரையிலேயே கத்தினார்.

பவர் பிளான்ட்டிலிருந்து ஆற்றில் வந்து கலந்து மீனைக் கொல்லும் சாம்பலை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கால்தான் கண்ணில் பட்டது! ஊரே கூடி நின்றதில் அப்பா வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மறுநாள் பஸ்ஸில் போனேன். மூன்றாவது லேட். வேலை போச்சு.

பல வருஷம் ஆச்சு, இப்போது டோல்கேட்டிலேயே வாடகைக்கு இருக்கிறேன். வேறு வேலை, நடந்தே போய்விடலாம். டோல்கேட் வழியாக மெட்ரோ ரயிலும் வந்தது... விம்கோ நகரோடு நின்றுகொண்டது. அதைத் தாண்டித்தான் எங்கள் குப்பம் இருக்கிறது!

போன வாரம் அண்ணன் பொண்ணு போன் பண்ணினாள். கிண்டியில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"அத்தே, உன் வூட்லயே தங்கிக்கவா? இங்கேந்து வந்துகினு இருந்தா வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கோ."

"வாடி" என்றேன். வேறென்ன சொல்ல... போனை வைத்ததும் கோபம்தான் வந்தது. மறுநாளே பையோடு வந்துவிட்டாள்.

அந்தக் குப்பத்தில் ஒருத்தரும் உருப்படியான வேலையில் இல்லை என்று என் ஆபீஸிலேயே பேசுகிறார்கள். எப்படி இருப்பார்கள்? வேலை கிடைத்தவள் எல்லாம் இங்கே என் வீட்டில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள்.