முதல் வரியிலேயே புண்பட்டவர்

நான் எழுதியது ஒரே ஒரு பக்க நோட்டீஸ். வன்னியம்பட்டி ஜெபக்கூட்டம் ஒன்றில் போதகர் கூடையை நீட்டி, "விசுவாசம் உள்ளவங்க சுகர் மாத்திரையை இதுல போடுங்க" என்றார். ஆட்கள் வரிசையில் நின்று போட்டார்கள். நானும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவச்சிதான். ஆனாலும் வயிறு எரிந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி பேக்கிங் வேலை பார்க்கிற எனக்கு ஆறாத புண்ணைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 'மாத்திரையை எறியச் சொல்வது பக்தி இல்லை, பித்தலாட்டம்' என்று அச்சடித்து அந்த ஊரிலேயே கொடுத்தேன். மத உணர்வைப் புண்படுத்தினேனாம். வழக்கு.

புகார் கொடுத்தவர், கூடையில் முதல் ஆளாக மாத்திரை போட்ட மளிகைக்கடைக்காரர். இரண்டாவது ஆள் அவர் மனைவி. வாய்தாவுக்கு வாய்தா இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வருவார்கள். அந்தம்மா காலில் ஒரு கட்டு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அது பெரிதாகிக்கொண்டே போனது. ஒருமுறை பொறுக்கமாட்டாமல் பேசப் போனேன். காதைப் பொத்திக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்.

விசாரணை நாளில் என் வக்கீல் கடைக்காரரிடம், "நோட்டீசில் எந்த வரி உங்களைப் புண்படுத்துச்சு?" என்று கேட்டார்.

"மொத வரியிலயே புண்பட்டுட்டு சார். அதுக்குப் பொறவு நான் வாசிக்கல."

நீதிபதி பேனாவை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தார். மிச்சம் மத்தியானம் என்றார்கள்.

வெளியே பெஞ்சில் கடைக்காரர் திடீரென்று வேர்த்து நடுங்கிச் சாய்ந்தார். மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சுகர் இறங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தங்கச்சி வீட்டுக்கு வாங்கிய பால்கோவாவைப் பிரித்து வாயில் திணித்தேன். செத்த நேரத்தில் கண் திறந்தார்.

"மாத்திரை போட்டீயளா அண்ணாச்சி?"

"காலையில போட்டேன், சாப்பிடத்தான் இல்ல. கூடையில போட்டது சத்து மாத்திரை. அவகிட்ட சொல்லிராதீய சிஸ்டர்."

"அப்ப அவிய?"

"அவ நெசமாவே போட்டுட்டா."

"நீரெல்லாம் மனுசனாய்யா!" என்று கத்திவிட்டேன். மனிதர் அழுதுவிட்டார்.

"நான் சொன்னா விசுவாசம் இல்லாதவன்ம்பா. அச்சுல இருந்தா நம்புவா. அந்த நோட்டீஸ் ஒண்ணு தாங்களேன்."

"எங்க இருக்கு? அம்புட்டையும் போலீஸ் அள்ளிட்டுப் போயிட்டு. இனிமே ஒண்ணு கொடுத்தாலும் என் ஜாமீன் ரத்து. எல்லாம் உங்க புகார்தான்!"

மத்தியானம் கூண்டேறி, புண்பட்டது புண்பட்டதுதான் என்று சாட்சி சொன்னார். இறங்கியதும் நேரே போய், தன்னைப் புண்படுத்திய நோட்டீசின் நகல் கேட்டு மனுப் போட்டார். என் வக்கீலுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது.

கோர்ட் முத்திரை போட்ட நகல் வருவதற்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் அந்தம்மாவின் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாய்தாவுக்கு அவர் நொண்டிக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் அந்த நகலும் மாத்திரை அட்டையும் இருந்தன.

"இதை எனக்கு முன்னாலயே தந்திருக்கக் கூடாதா, தாயி?" என்று கேட்டார்.